யுவான் சுவாங் மூட்டை கட்டுகிறார்

நம் ஊரில் யுவான் சுவாங் ஒரு மேற்கோள் வங்கி. காஞ்சிபுரம் பற்றி எழுதுகிறவர் அவரிடம் போய் "நூறு விகாரைகள், பத்தாயிரம் பிக்குகள்" என்று இரண்டு வரி எடுத்துக்கொள்வார். ஹர்ஷர் பற்றி எழுதுகிறவருக்குப் பிரயாகை தானம் போதும். நாளந்தாவுக்கு நுழைவுத் தேர்வு மாதிரி வாசலிலேயே கேள்வி கேட்டார்கள் என்ற செய்தி. காரியம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிடுவோம். படிக்கப் போன ஒரு மாணவர் படிப்பை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிய கதையாக அதை யாரும் வாசிப்பதில்லை. நான் அப்படி வாசித்துப் பார்த்தேன். அதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நடுவில் ஒரு முரண்பாடும் சிக்கியது. அதற்கு வருகிறேன்.

முதலில் ஒரு தெளிவு. யுவான் சுவாங் பெயரில் இரண்டு புத்தகங்கள் உண்டு. ஒன்று அவரே சொல்லி 646-ல் முடிக்கப்பட்ட மேற்குத் தேசங்களைப் பற்றிய 'குறிப்புகள்'. இது தாங் பேரரசர் தைசோங் கேட்டதால் எழுதப்பட்டது. இந்த நாடு இத்தனை லீ சுற்றளவு, மண் இப்படி, ஜனங்கள் இப்படி என்று போகும். ஒரு நல்ல சர்வே ரிப்போர்ட். ஆனால் அதில் யுவான் சுவாங் என்ற ஆள் கிட்டத்தட்ட இல்லை. அவருக்குப் பசித்ததா, பயந்தாரா, யாரிடம் சண்டை போட்டார், ஒன்றும் தெரியாது. இரண்டாவது, அவர் சீடர் ஹுயிலி எழுதத் தொடங்கி, யான்சோங் என்ற இன்னொரு பிக்கு 688-ல் முடித்து வைத்த வாழ்க்கைச் சரித்திரம். மொத்தம் பத்துச் சுருள்கள். முதல் ஐந்தும் பயணம். அடுத்த ஐந்தும் திரும்பி வந்த பிறகு நடந்தவை.

வரலாற்றுக்காரர்கள் முதல் புத்தகத்தைத்தான் நம்புவார்கள், சரித்திரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் பார்ப்பார்கள். சீடர் எழுதியதாச்சே, கனவும் அற்புதமும் நிறைய. நியாயம்தான். ஆனால் புத்தகமாக, ஒரு படைப்பாக, சரித்திரம்தான் பெரியது என்பது என் கட்சி. அதன் பலம் போகும் வழியில் இல்லை, திரும்பும் வழியில் இருக்கிறது.

ஏன் போகிறீர்?

யுவான் சுவாங் 629-ல் (627 என்பவர்களும் உண்டு) அரசு அனுமதி இல்லாமல் எல்லை தாண்டி வந்தவர். நாளந்தாவில் சீலபத்திரரிடம் யோகாசார பூமி சாஸ்திரத்தை ஒரு முறை இல்லை, மூன்று முறை பாடம் கேட்டார். இலக்கணம், தருக்கம், மற்றப் பிரிவுகளின் நூல்கள் எல்லாம் தனி. நடுவில் தெற்கே காஞ்சி வரை வந்து திரும்பினார். பிறகு ஒரு நாள் ஊருக்குக் கிளம்பலாம் என்று ஏடுகளையும் சிலைகளையும் கட்ட ஆரம்பிக்கிறார்.

செய்தி கேட்டு நாளந்தா பிக்குகள் வந்துவிடுகிறார்கள். அவர்கள் வாதம் எளிமையானது. இது புத்தர் பிறந்த மண். அவர் இல்லாவிட்டாலும் அவர் நடந்த இடங்கள் இருக்கின்றன, அவற்றைச் சுற்றி வணங்கியே ஒரு ஆயுளைக் கழிக்கலாம். இங்கே வந்து சேர்ந்த பிறகு எதற்குப் போகிறீர்? உங்கள் நாடோ மிலேச்ச நாடு, அங்கே புத்தர்கள் பிறப்பதே இல்லை.

இதற்கு அவர் ஒரு நீளமான பதில் சொல்வதாகச் சரித்திரம் எழுதுகிறது. எங்கள் நாட்டில் சட்டம் உண்டு, ஆடை ஒழுங்கு உண்டு, அரசன் ஞானி, மந்திரிகள் விசுவாசிகள், தகப்பனுக்குப் பாசம், பிள்ளைக்குப் பணிவு, வான சாஸ்திரம், இசைக் கருவி என்று அடுக்குகிறார். இந்த இடம் எனக்கு ஒட்டவில்லை. நாளந்தா பிக்குகளிடம் பேசும் பேச்சு மாதிரி இது இல்லை, சாங்கான் அரண்மனையில் கேட்பதற்காக எழுதிய பேச்சு. புத்தகம் தாங் ஆட்சியில் எழுதப்பட்டது என்பதை நினைவில் வைத்தால் ஹுயிலியின் கை இங்கே நன்றாகவே தெரிகிறது.

ஆனால் பிக்குகளின் கேள்வியைக் கற்பனை என்று தள்ள முடியாது. அதற்கு ஒரு சாட்சி இருக்கிறது, இவருக்கு 200 வருஷத்துக்கும் முன்னால் வந்த பாஹியானின் பயண நூலில். பாஹியானோடு பாடலிபுத்திரம் வரை வந்த தாவ்செங் என்ற தோழர், இங்கே பிக்குகள் விநயத்தைக் கடைப்பிடிக்கும் ஒழுங்கைப் பார்த்து, தம் நாட்டில் அது எவ்வளவு குறைவு என்று நொந்து, இனி எந்தப் பிறவியிலும் எல்லைப்புற நாட்டில் பிறக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். அதாவது யுவான் சுவாங்கிடம் நாளந்தாக்காரர்கள் சொன்ன அதே நியாயத்தை ஒரு சீனரே ஏற்றுக்கொண்டு திரும்பாமல் இருந்திருக்கிறார். பாஹியான் விநய நூல்களை ஊரில் சேர்க்க வேண்டும் என்று தனியாகத் திரும்பினார். வழியில் இலங்கையின் அபயகிரி விகாரையில், பச்சை மணிச் சிலைக்கு ஒரு வியாபாரி சீனத்து வெள்ளைப் பட்டு விசிறியைக் காணிக்கையாக வைப்பதைப் பார்த்துக் கண் கலங்கினார். ஊர் ஞாபகம் வருவதற்கு ஒரு விசிறி போதும்.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துப் பார்த்தால்தான் யுவான் சுவாங் சீலபத்திரரிடம் சொல்கிற பதிலின் எடை தெரிகிறது. பெரியவர் கூப்பிட்டுக் கேட்கிறார். இவர் சொல்வது இதுதான்: இந்த மண் பிடிக்காமல் இல்லை, ஆனால் நான் வந்தது எனக்காக மட்டும் இல்லை, நீங்கள் சொல்லிக் கொடுத்ததை அங்கே மொழிபெயர்த்தால் இன்னும் பல பேர் கேட்பார்கள், அதுதான் உங்களுக்கு நான் செய்யும் கைம்மாறு. அரண்மனைச் சாயம் இல்லாத பேச்சு. சீலபத்திரர் சந்தோஷப்பட்டு, அவர் கட்டட்டும், தடுக்காதீர்கள் என்கிறார்.

விருந்தாளியை விடாத ராஜாக்கள்

குரு விட்டாலும் ராஜாக்கள் விடவில்லை. காமரூபத்து பாஸ்கரவர்மன் ஆள் அனுப்புகிறார். சீலபத்திரர் மறுத்ததும், யானைப்படையோடு வந்து நாளந்தாவைப் பொடியாக்குவேன் என்று மிரட்டல் வருகிறது. அங்கே போனதும் ஹர்ஷருக்குப் பொறாமை. கன்னோசியில் 18 நாள் சபை, பிறகு பிரயாகையில் 75 நாள் தானம். கிளம்புகிறேன் என்றால் இன்னும் பத்து நாள் இரும் என்கிறார்கள். இங்கேயே இருந்தால் நூறு விகாரைகள் கட்டித் தருகிறேன் என்கிறார் பாஸ்கரவர்மன். இவருக்குக் கோபமே வந்துவிடுகிறது. தருமத்தைப் பிறர் கேட்கவிடாமல் தடுப்பவன் பிறவிதோறும் கண்ணில்லாமல் பிறப்பான் என்று சொல்லித்தான் தப்பிக்க வேண்டியிருக்கிறது.

கன்னோசி சபையைப் பற்றி நிறுத்திச் சொல்ல வேண்டும். யுவான் சுவாங் மகாயானக் கொள்கையை எழுதி வாசலில் தொங்கவிடுகிறார். இதில் ஒரு சொல் தவறு என்று நிரூபித்தால் தலையைத் தருகிறேன் என்கிறார். சில நாளில் எதிர்த் தரப்பு அவரைக் கொல்லச் சதி செய்வதாகப் பேச்சு எழ, ஹர்ஷர் ஓர் ஆணை போடுகிறார்: இவர் மேல் கை வைப்பவன் தலை போகும், இழித்துப் பேசுபவன் நாக்கு போகும்; வாதம் செய்ய வருபவருக்கு மட்டும் இது பொருந்தாது. அதன் பிறகு 18 நாளும் ஒருவரும் எதிர்த்து வரவில்லை, முழு வெற்றி என்று முடிக்கிறார் ஹுயிலி.

தலையும் நாக்கும் போகும் என்று அறிவித்த சபையில் யாரும் வாய் திறக்கவில்லை என்றால் அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? விதிவிலக்கு இருந்தாலும், கொஞ்சம் சூடாகப் பேசினால் அது வாதமா இழிவா என்று தீர்மானிக்கப் போவது யார்? வாசிக்கும்போதே இந்தச் சந்தேகம் வரும். பதில் அந்தச் சுருளில் இல்லை. இரண்டு சுருள் தள்ளி இருக்கிறது.

657

எனக்கு இந்தப் புத்தகத்தில் ரொம்பப் பிடித்தது ஒரு பட்டியல். ஆறாம் சுருளில், 645-ல் சாங்கான் வந்து சேர்ந்ததும் மூட்டையைப் பிரித்துக் கணக்குக் காட்டுகிறார்கள். தாதுக்கள் 150 மணிகள், சிலைகள் 7, அப்புறம் நூல்கள். மகாயான சூத்திரம் 224. மகாயான சாஸ்திரம் 192. ஸ்தவிரம் 14. மகாசாங்கிகம் 15. சம்மிதீயம் 15. மகீசாசகம் 22. காசியபீயம் 17. தருமகுப்தகம் 42. சர்வாஸ்திவாதம் 67. தருக்கம் 36. இலக்கணம் 13. மொத்தம் 657 நூல்கள், 520 கட்டுகள், 20 குதிரைகள்.

பழைய நூல்களில் எண் வந்தால் கூட்டிப் பார்ப்பது எனக்குப் பழக்கம். பெரும்பாலும் இடிக்கும். இது இடிக்கவில்லை, சரியாக 657 வருகிறது. கனவுக்கும் அற்புதத்துக்கும் இவ்வளவு இடம் கொடுத்த புத்தகத்தில், இந்தப் பக்கத்தை மட்டும் யாரோ கையில் பேரேடு வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள்.

இன்னும் ஒரு கூட்டல். ஸ்தவிரம் முதல் சர்வாஸ்திவாதம் வரை ஏழு பிரிவுகளும் மகாயானம் அல்லாதவை, அதாவது இவர் வாதத்தில் எதிர்த்த கட்சிகள். அவற்றின் நூல்களைக் கூட்டினால் 192. அவருடைய சொந்தக் கட்சியின் சாஸ்திரங்களும் 192! எண்ணிக்கை ஒத்துப்போவது தற்செயலாக இருக்கலாம். ஆனால் எதிர்க்கட்சி நூல்களை இந்த அளவுக்குத் தூக்கி வந்தது தற்செயல் இல்லை. குதிரை முதுகில் பாமீர் மலையைத் தாண்ட வேண்டிய ஆள், ஒவ்வொரு கட்டுக்கும் யோசித்திருப்பார். பின்னால் சர்வாஸ்திவாத நூல்களில் பலவற்றை அவரே உட்கார்ந்து மொழிபெயர்க்கவும் செய்தார். அரசர்கள் முன்னால் அவர் பேசிய பேச்சைவிட இந்த மூட்டை அவர் எப்படிப்பட்ட மாணவர் என்பதை நன்றாகச் சொல்கிறது. கடைசியில் இருக்கும் 36-ம் 13-ம் கூட முக்கியம். தருக்கமும் இலக்கணமும் மற்ற நூல்களைத் திறக்கிற சாவிகள். எங்கள் தொழிலில் சொல்வதானால், ப்ரோக்ராமோடு கம்பைலரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

சிந்து நதியில் போனது

பட்டியல் இவ்வளவு கறாராக இருப்பதற்கு ஒரு காரணம், நடுவில் ஒரு பகுதி தொலைந்து போனது. சிந்து நதியைக் கடக்கும்போது இவர் ஹர்ஷர் கொடுத்த யானை மேல் போகிறார். ஏடுகளும் அபூர்வப் பூ விதைகளும் படகில். நடு ஆற்றில் காற்று எழும்பி, காவலுக்கு இருந்த ஆள் தண்ணீரில் விழுந்து, அவரைத் தூக்கிவிட்டார்கள். ஐம்பது கட்டு ஏடும் விதைகளும் போய்விட்டன. அக்கரையில் காத்திருந்த கபிச நாட்டு ராஜா, பூ விதை கொண்டுவந்தீரா, அதுதான் காரணம், பூ விதையோடு இந்த ஆற்றை யாரும் தாண்டியதில்லை என்கிறார்.

இதே சம்பவம் 16-ஆம் நூற்றாண்டுச் சீன நாவலான 'மேற்குப் பயண'த்தில் வேறு உருவம் எடுக்கிறது. அங்கே ஒரு வெள்ளை ஆமை இவர்களை முதுகில் ஏற்றி ஆற்றைக் கடக்கிறது. தன் கேள்வியைப் புத்தரிடம் கேட்க மறந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் ஆமை மூழ்கிவிடுகிறது. நனைந்த ஏடுகளைப் பாறையில் காயப்போடுகிறார்கள், ஒட்டிக்கொண்ட கொஞ்சம் பகுதி கிழிகிறது. குரங்கு சமாதானம் சொல்லிவிடுகிறது: வானமும் பூமியும்கூட முழுமை இல்லையே. அழகான இடம், மறுக்கவில்லை. ஆனால் நாவலில் அந்த இழப்பு ஒரு தத்துவம் ஆகி, கதை மேலே போய்விடுகிறது.

சரித்திரத்தில் தத்துவம் எதுவும் இல்லை. தொலைந்ததைத் திரும்பச் சேர்க்கும் வேலைதான் இருக்கிறது. அக்கரையிலேயே ஏறக்குறைய ஐம்பது நாள் தங்கி, உத்யானத்துக்கு, அதாவது இன்றைய சுவாத் பக்கம், ஆள் அனுப்பி காசியபீயப் பிரிவின் நூல்களைப் பிரதி எடுக்க வைக்கிறார். கோத்தான் வந்த பிறகு குச்சாவுக்கும் காஷ்கருக்கும் ஆள் அனுப்பித் தேடச் சொல்கிறார். மேலே சொன்ன பட்டியலில் காசியபீயம் 17 என்று வருகிறதே, அந்தப் 17-க்குப் பின்னால் இந்த ஐம்பது நாள் இருக்கிறது.

சொல்லாமல் விட்டது

இங்கே புத்தகத்தின் பெரிய மௌனத்தையும் சொல்ல வேண்டும். கடல் வழியாகப் போகிறீரா, கூட ஆள் அனுப்புகிறேன் என்று ஹர்ஷர் கேட்டபோது இவர் மறுத்ததற்குக் காரணம் ஒரு வாக்கு. வரும் வழியில் கவ்சாங் என்ற பாலைவன ஊரின் ராஜா சூ வென்தாய் இவரை விடமாட்டேன் என்று பிடித்துவைத்தார். இவர் சாப்பிடாமல் கிடந்து சம்மதம் வாங்கினார். இருவரும் சகோதர முறை வைத்துக்கொண்டார்கள். இருபது வருஷச் செலவுக்கு ஆகும் என்று பொன்னும் வெள்ளியும் 500 பட்டுச் சுருளும், வழியில் உள்ள 24 நாடுகளுக்குக் கடிதங்களும் கொடுத்தார் அந்த ராஜா. திரும்பி வரும்போது மூன்று வருஷம் தங்கிச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அதற்காகத்தான் கஷ்டமான வடக்கு வழி.

ஆனால் 640-லேயே தாங் படை கவ்சாங்கைப் பிடித்துவிட்டது. சூ வென்தாய் அதே வருஷம் இறந்துபோனார். யுவான் சுவாங் கவ்சாங் பக்கம் திரும்பாமல் கோத்தான் வழியாகவே சீனா சேர்கிறார். அந்தச் செய்தியை எங்கே கேட்டார், கேட்டபோது என்ன ஆனார் என்று சரித்திரம் வாய் திறப்பதில்லை. திறக்கவும் முடியாது. அந்த ஊரை அழித்தவர்தான் இவரை மன்னித்து வரவேற்க வேண்டிய பேரரசர். கோத்தானிலிருந்து அவருக்கு எழுதிய கடிதத்தில், அனுமதி இல்லாமல் போனேன் என்று ஒப்புக்கொண்டு, யானை மூழ்கிவிட்டது, ஏடுகளைச் சுமக்க வாகனம் இல்லை என்று சொல்கிறார். அந்தக் கடிதத்தைக் கொண்டு போனவன் ஒரு கவ்சாங் இளைஞன். அவ்வளவுதான். அந்த ஊரின் பெயர் அப்படி ஓரமாக ஒரு முறை வந்துபோகிறது.

பதிலுக்காக ஏழெட்டு மாதம் காத்திருந்தார். ஊருக்கு வர ஊரிடமே அனுமதி! இதோடு ஒப்பிட இட்சிங்கின் கதை வேடிக்கையானது. நாளந்தாவில் பத்து வருஷம் படித்துவிட்டு ஸ்ரீவிஜயத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவர், காகிதமும் மையும் கேட்டு ஒரு கடிதம் அனுப்பலாம் என்று 689-ல் துறைமுகத்தில் கப்பல் ஏறினார். காற்று சாதகமாகிவிட்டது, பாய் விரித்துவிட்டார்கள், நிறுத்த வழியில்லை. கடிதம் கொடுக்க ஏறியவர் சீனாவில் போய் இறங்கினார். ஏடுகள் எல்லாம் ஸ்ரீவிஜயத்தில். அதனால் அதே வருஷம் மறுபடி கப்பலேறிப் போய், 695-ல்தான் முறையாகத் திரும்பினார். ஆள் வந்து சேர்ந்தால் மட்டும் திரும்பியதாக ஆகாது என்பதை இவரைவிட யாரும் தெளிவாகச் செய்து காட்டியதில்லை.

வெட்டப்பட்ட பாதி

இப்போது அந்த முரண்பாடு.

இந்தியாவில் நாம் சரித்திரத்தைப் பெரும்பாலும் சாமுவேல் பீலின் ஆங்கில மொழிபெயர்ப்பு (1888) மூலம்தான் அறிவோம். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதும் அதுதான். பீல் முதல் ஐந்து சுருள்களைத்தான் முழுசாகப் பெயர்த்தார். பின் ஐந்தும் சுருக்கம். அவருக்கு முன் பிரெஞ்சில் செய்த ஜூலியானும் இதே வழிதான். இந்தியா முடிந்துவிட்டது, இனி என்ன இருக்கிறது என்ற எண்ணம். லி ரோங்சியின் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு 1995-ல் வந்தது. ஆகவே நூறு வருஷத்துக்கு மேல், ஆங்கிலம் வழியாக வாசித்தவர்களுக்கு இது பாதிப் புத்தகம்.

வெட்டப்பட்ட அந்தப் பாதியில், ஏழாம் சுருளில், மூன்று கடிதங்கள் இருக்கின்றன. 652-ல் புத்தகயை மகாபோதி விகாரையிலிருந்து பாசாங் என்ற பிக்கு சாங்கான் வருகிறார். ஞானப்பிரபர், பிரஜ்ஞாதேவர் என்ற நாளந்தாக் கால நண்பர்கள் அவர் கையில் கடிதமும் இரண்டு வெள்ளைத் துணியும் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். வழி தூரம், கொஞ்சமாக இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம், மறக்கவில்லை என்பதற்குத்தான் இது என்கிறார்கள். உமக்கு என்ன நூல் வேண்டுமோ பெயர் எழுதி அனுப்பும், பிரதி எடுத்து அனுப்புகிறோம் என்கிறார்கள். 654-ல் பாசாங் திரும்பும்போது யுவான் சுவாங் இருவருக்கும் பதில் எழுதுகிறார்.

ஞானப்பிரபருக்கு எழுதியதில் சீலபத்திரர் இறந்த செய்தியைத் தூதர் மூலம் கேட்டதாகச் சொல்லி அழுகிறார். யோகாசார பூமி முதலாக முப்பதுக்கு மேற்பட்ட நூல்கள் மொழிபெயர்த்தாகிவிட்டது என்று கணக்குச் சொல்கிறார். வாக்குக் கொடுத்தது சீலபத்திரரிடம் அல்லவா? அவர் இல்லாததால் அவர் சீடரிடம் கணக்கு ஒப்படைக்கிறார்.

பிரஜ்ஞாதேவருக்கு எழுதியது இன்னும் முக்கியம். அவர் மகாயானத்தை ஏற்காதவர். கன்னோசி சபையில் நாம் இருவரும் ராஜாக்கள் முன்னாலும் பெருங்கூட்டத்தின் முன்னாலும் நேருக்கு நேர் வாதாடினோம், நான் மகாயானத்தை நிறுத்த நீர் உம் கட்சியை நிறுத்த, வார்த்தை ஏறி இறங்கியது, முகம் பார்க்காமல் பேசியதில் உரசல் வந்தது, சபை கலைந்ததும் என் மனதிலிருந்து அது போய்விட்டது, நீர் இன்னும் அதற்காக வருந்திச் சொல்லி அனுப்புகிறீரே என்று எழுதுகிறார்.

ஐந்தாம் சுருளில் 18 நாளும் ஒருவரும் எதிர்க்கவில்லை. ஏழாம் சுருளில் எதிர்த்தவர் பெயரோடு இருக்கிறார்! ஒரே புத்தகத்துக்குள். சீடர் எழுதிய வெற்றி விழாவைக் குருவின் கடிதமே ரத்து செய்கிறது. நான் கடிதத்தைத்தான் நம்புவேன். சபையில் உட்கார்ந்திருந்த ஆளுக்கே எழுதும் கடிதத்தில் நடக்காத வாதத்தை நடந்ததாக எழுத முடியாது. கடிதத்தை எடுத்துச் சேர்த்தவர்களைப் பாராட்டவும் வேண்டும். அது முன்னால் எழுதியதைக் கெடுக்கிறது என்று தெரிந்தோ தெரியாமலோ அப்படியே வைத்திருக்கிறார்கள்.

இதில் எனக்குப் படுவது வெறும் தகவல் திருத்தம் இல்லை. ஐந்தாம் சுருளின் யுவான் சுவாங் தோற்காத வீரர். அவரை வழிபடலாம், பழக முடியாது. ஏழாம் சுருளின் யுவான் சுவாங்குக்கு, பத்து வருஷம் முன் சண்டை போட்ட ஒரு நண்பர் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்கிறார். அவர் இன்னும் அந்தச் சண்டையை நினைத்துச் சங்கடப்படுகிறார், இவர் விடுங்கள் என்கிறார், விட்ட கையோடு ஆனாலும் மகாயானத்துக்கு மாறிவிடும் என்று ஒரு வரி சேர்க்கவும் செய்கிறார். வெளியூரில் படித்துத் திரும்பிய யாருக்கும் இந்த மனிதரைத் தெரியும்.

அதே பின்பாதியில்தான் ஊர் திரும்புதல் உண்மையில் எப்போது முடிந்தது என்பதும் இருக்கிறது. தைசோங் அவரைக் காவியைக் கழற்றிவிட்டு மந்திரியாகச் சொன்னார், மறுத்தார். மலைக்குப் போய் அமைதியாக மொழிபெயர்க்கிறேன் என்றார், அது கிடைக்கவில்லை, தலைநகரிலேயே வைத்துக்கொண்டார்கள். கொண்டுவந்த ஏடுகள் தீயில் போகக் கூடாது என்று 652-ல் ஒரு கோபுரம் எழுப்பத் தொடங்கி, தாமே கூடையில் செங்கல் சுமந்தார். சொந்தக் கிராமத்துக்குப் போக முடிந்தது 657-ல், பேரரசரோடு லோயாங் போனபோது. சீனா வந்து பன்னிரண்டு வருஷம் கழித்து. தெரிந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள், வேறு ஊரில் வாழ்க்கைப்பட்ட அக்கா ஒருத்திதான் மிச்சம். அவளை அழைத்துப் பெற்றோர் சமாதி எங்கே என்று கேட்டு, புதர் மண்டிக் கிடந்ததை மாற்றி அடக்கம் செய்தார். ஹர்ஷர் சபையைவிட நூறு மடங்கு சின்னக் காட்சி. பீலை மட்டும் வாசித்தவர்களுக்கு அதன் கனம் தெரிய வாய்ப்பில்லை.

காஞ்சிக்கு ஒரு வார்த்தை

நம் பக்கத்துக்காரர்கள் அந்த இரண்டு வரியைத் தாண்டிப் பார்க்க ஒரு காரணம் உண்டு. சீலபத்திரரின் குரு தருமபாலர் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். கல்யாணத்துக்கு முந்தின நாள் வீட்டை விட்டுப் போனவர் என்று கதை. அவர் ஊர் திரும்பவில்லை, நாளந்தாவில் பெரிய ஆசிரியர் ஆனார். அவர் உரையை முதன்மையாக வைத்து யுவான் சுவாங் 659-ல் சீனத்தில் செய்த நூல்தான் கிழக்காசியாவில் அந்தத் தத்துவத்துக்கே அடிப்படை நூல் ஆனது. காஞ்சிக்கு வந்தபோது யுவான் சுவாங் இலங்கை போக நினைத்தார். அங்கே ராஜா இறந்து பஞ்சம் வந்து, முந்நூறு பிக்குகள் கரையேறியிருந்தார்கள். அவர்களிடம் யோகாசாரம் பற்றிக் கேட்டுப் பார்த்தார். சீலபத்திரர் சொன்னதற்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அங்கிருந்து வடக்கே திரும்பினார். தெரிந்துகொள்ள வேண்டியது போதும் என்று அவர் புரிந்துகொண்ட இடங்களில் காஞ்சியும் ஒன்று என்று சொல்லலாம்.

சரித்திரம் முழுவதையும் தமிழில் கொண்டுவருவது பெரிய வேலை. ஆனால் அந்த மூன்று கடிதங்கள் சில பக்கங்கள்தான். இந்தியப் பிக்குகள் எழுதிய ஒரு கடிதம் சீன மொழியில் மட்டும் பிழைத்திருப்பதே நமக்குப் பெரிய விஷயம். சீனம் தெரிந்த தமிழர்கள் இன்று சிலராவது இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் செய்தால் நன்றாக இருக்கும். செய்கிறவருக்கு ஒரு வேண்டுகோள்: ஞானப்பிரபருக்கான கடிதத்தின் கடைசிப் பகுதியைச் சுருக்கிவிட வேண்டாம். சிந்து நதியில் ஒரு சுமை ஏடு போய்விட்டது, பெயர்களைக் கீழே எழுதியிருக்கிறேன், யாராவது வந்தால் கொடுத்தனுப்புங்கள் என்று, பத்து வருஷம் கழித்தும், அங்கே கேட்டிருக்கிறார்.